ஊர்னர்போடன் மலைமேய்ச்சலிலே

சுவிட்சர்லாந்து நாட்டின் நடுவே, மலைகள் நெருங்கி நிற்கும் ஊரி என்னும் சிறு மாநிலத்தில், விடுமுறையில் சென்றிருந்த ஒரு பங்குக் குருவுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு மாத காலம் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. ஞாயிறு திருப்பலியும் நோயாளர் சந்திப்பும் போக மிஞ்சிய நாள்களில் ஊர் சுற்றிப் பார்க்கலாமே என்று பலரும் கூறினர். கடிகாரக் கடைகளையும் பனிமலை உச்சிகளையும் காண எனக்கு அத்துணை ஆவல் இல்லை. மாடு கட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்நாட்டுப் பசுக்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதைக் காணவே விரும்பினேன். நம் ஊர் வழக்கில் கோவிற்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒருவர் அப்பங்கில் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். ஆங்கிலம் நன்கு பேசுவார். என் விருப்பத்தைக் கேட்டு முதலில் சிரித்தார். பின்பு, தம் உறவினர் ஒருவர் கோடைதோறும் மாடுகளோடு தங்கும் ஊர்னர்போடன் மலைமேய்ச்சலுக்கு என்னை அழைத்துச் செல்ல இசைந்தார்.

வில்லாளன் வில்லியம் டெல் தன் மகனோடு சிலையாய் நிற்கும் அல்ட்டோர்ஃப் நகரே ஊரியின் தலைநகர். அங்கிருந்து மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து கிளவுசன் கணவாய் நோக்கி ஏறுகிறது. மலைப்பாதையின் குருட்டு வளைவுகளில் அப்பேருந்து எழுப்பும் மூன்று சுர ஊதொலி, டெல்லைப் பற்றிய ரோசினியின் இசைநாடகத்திலிருந்து எடுத்ததாம். கணவாயின் உயரம் 1,948 மீட்டர். அதைக் கடந்து மறுபுறம் இறங்கினால், இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் காவல் நிற்க, நடுவே ஏழெட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு சமவெளி. அதுவே ஊர்னர்போடன். சமவெளியின் நடுவில் ஒரு சிறு குன்று, குன்றின் மேல் ஒரு கோவில், சுற்றிலும் மரக்குடில்கள். கோடையில் ஏறத்தாழ 1,200 பசுக்கள் இங்கு மேய்கின்றன. அந்நாட்டுப் பசுமேய்ச்சல் மலைகளில் இதுவே மிகப் பெரியது.

நில அமைப்பைப் பார்த்தால் இச்சமவெளி கணவாய்க்கு அப்பாலுள்ள கிளாரஸ் மாநிலத்துக்கு உரியதாகவே இருக்க வேண்டும். அது ஊரிக்கு வந்த கதையைக் கோவிற்பிள்ளை பேருந்திலேயே சொல்லி முடித்தார். எல்லைச் சண்டை ஓயாதிருந்த பண்டைக் காலத்தில், இரு தரப்பாரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனராம். குறித்த நாளில் சேவல் கூவியதும் இரு புறத்திலிருந்தும் ஒவ்வோர் ஓட்டக்காரன் புறப்பட வேண்டும். இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. கிளாரஸ் மக்கள் தங்கள் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டனர். நன்றாக உண்டால் உரக்கக் கூவும் என்பது அவர்கள் எண்ணம். ஊரி மக்களோ தங்கள் சேவலைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் இருள் பிரியுமுன்னே கூவிற்று. உண்ட சேவல் விடிந்தும் உறங்கிற்று. ஊரி ஓட்டக்காரன் கணவாயைத் தாண்டி வெகுதூரம் கீழே இறங்கிவிட்டான். எதிரே வந்த கிளாரஸ்காரன் கெஞ்சவே, "என்னைச் சுமந்துகொண்டு எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறாயோ, அவ்வளவு நிலம் உனக்கு" என்றானாம் இவன். அவனும் சுமந்து ஏறினான்; ஓர் ஓடைக்கரையில் நீர் பருகக் குனிந்தவன் அங்கேயே உயிர் துறந்தான். அந்த ஓடையே இன்றும் எல்லை. ஊரி மக்கள் இக்கதையைப் பெருமையோடு சொல்கின்றனர். பட்டினி கிடந்த சேவலின் கதி பின்னர் என்னவாயிற்று என்று நான் கேட்டேன். அதை யாரும் சொல்லி வைக்கவில்லை என்றார்.

எங்களை வரவேற்ற உழவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மனைவி, மணமாகாத மகன், பதினெட்டுப் பசுக்கள், சில கிடாரிகள்: இதுவே அவருடைய குடும்பம் என்று சொல்லலாம். பள்ளத்தாக்கிலுள்ள தம் வீட்டையும் புல்வெளியையும் விட்டு சூன் மாதத்தில் மாடுகளோடு மேலேறி வருவார்கள். அங்கே புல் வளர்ந்து, அறுத்து, உலர்ந்து, குளிர்காலத் தீவனமாகும் வரையில் மாடுகள் மலைப்புல்லை மேயும். செப்டம்பரில் மலர் சூட்டிய பசுக்களோடு கீழே இறங்குவார்கள். இவ்வாறு கோடையில் மேலேறும் வழக்கத்தை அதே ஆண்டு டிசம்பரில் யுனெஸ்கோ மன்றம் மானிடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அம்மக்களுக்கு இது விழாவன்று, பிழைப்பு.

மேய்ச்சல் நிலம் தனியார் சொத்தன்று. ஊரிக் குடிகளின் பொதுச் சங்கத்துக்கு உரியது. இத்தகைய பொதுமேய்ச்சல்களில் ஆல்ப்ஸ் மலைமக்கள் பல நூற்றாண்டுகளாக ஒரு விதியைக் காத்து வந்துள்ளனர். தன் சொந்த நிலத்துப் புல்லைக் கொண்டு ஒருவன் குளிர்காலத்தில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளையே கோடையில் பொதுநிலத்துக்கு ஏற்றலாம். வாலே மாநிலத்தின் டோர்பெல் என்னும் சிற்றூரில் 1517-ஆம் ஆண்டிலேயே இவ்விதியை எழுதி வைத்திருக்கின்றனர். நிலத்தைக் காக்க ஏற்பட்ட விதி இது. எனினும் மாட்டையும் சேர்த்தே காத்திருக்கிறது. குளிர்காலத்தில் தீனியின்றி வாட விடுகிறவன் கோடையில் ஆசைப்பட்டு மந்தை பெருக்க வழியில்லை அல்லவா?

மாலைப் பால்கறவைக்கு நேரமாயிற்று. மணியோசை நெருங்கிவர, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமுடைய பசுக்கள் ஒவ்வொன்றாய்த் தொழுவத்துக்குள் நுழைந்து, தத்தம் இடத்தில் தாமே போய் நின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஒன்றன் பெயர் புளூயெம்லி. சிறுபூ என்று பொருளாம். இயந்திரத்தால்தான் கறக்கிறார்கள், ஆயினும் ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சுகளைக் கையால் கறந்து, திரிந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். மடிவீக்கம் தொடங்கினால் அப்போதே தெரிந்துவிடும். மகன் ஒரு பசுவின் பின்காலைத் தூக்கிக் குளம்பின் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என் கண்ணைக் கவர்ந்தது வேறொன்று. அப்பதினெட்டுப் பசுக்களுக்கும் கொம்பு இருந்தது. இதில் என்ன வியப்பு என்று வாசக அன்பர்கள் கேட்பீர்கள். பேருந்தில் வரும் வழியெங்கும் நான் கண்ட பசுக்களில் பெரும்பாலானவை மோழைகள்! பிறவியிலேயே மோழையான இனங்கள் சில உண்டு. ஆனால் அந்நாட்டில் கொம்பில்லாப் பசுக்களில் மிகப் பல, கன்றுப் பருவத்தில் கொம்பின் முளையைச் சூட்டுக்கோலால் தீய்த்துவிடுவதால் அவ்வாறு ஆனவை. நான்கில் மூன்று பங்குப் பசுக்களுக்குக் கொம்பில்லை என்கிறார்கள். பிறந்து மூன்று வாரத்துக்குள், மயக்க மருந்து கொடுத்து, அதற்கென்று பயிற்சி பெற்ற உழவர் தாமே செய்யலாம். மயக்க மருந்தின்றிச் செய்வது குற்றம்.

பெரியவர் என் கையைப் பற்றிப் புளூயெம்லியின் கொம்படியில் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. கொம்பு என்பது நகத்தைப் போன்ற உயிரற்ற பொருள் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மேலுள்ள உறை அவ்வாறுதான். உள்ளே எலும்பும் குருதியும் நரம்பும் உண்டு. "இவை ஒன்றோடொன்று பேசுவது இதனால்தான்" என்றார் அவர். தலையைச் சற்றே சாய்த்துக் கொம்பைக் காட்டினாலே போதும், இளைய பசு விலகி வழிவிடும்; முட்ட வேண்டிய தேவையே இராதாம்.

பின் ஏன் சுடுகிறார்கள்? இங்கேதான் எனக்குப் புதிதாக ஒரு செய்தி விளங்கிற்று. பழைய தொழுவங்களில் குளிர்காலம் முழுவதும் பசுக்களை வரிசையாகக் கட்டி வைத்திருப்பார்கள். கட்டிய பசுவுக்குக் கொம்பிருந்தால் தொல்லையில்லை. பின்னர், பசுவைக் கட்டி வைப்பது கொடுமை, அது தன் விருப்பம்போல் எழுந்து நடந்து, படுத்து, தின்ன வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது, கட்டின்றி உலவும் தொழுவங்களைக் கட்டத் தொடங்கினர். நெருக்கமான இடத்தில் கொம்புள்ள பசுக்கள் உலவினால் ஒன்றையொன்று குத்திக் காயப்படுத்தும், கறப்பவருக்கும் ஆபத்து. கொம்போடு உலவ விட வேண்டுமானால் அகன்ற இடம் வேண்டும். முட்டுச்சந்து இல்லாத வழிகள் வேண்டும். அதாவது பணம் வேண்டும். ஆகவே கட்டை அவிழ்த்தவர்கள் கொம்பைச் சுட்டனர். கொம்பைக் காத்தவர்களில் பலர் கட்டை அவிழ்க்கவில்லை. இரு சாராரும் தாங்களே பசுவின் மீது அன்புள்ளவர்கள் என்கின்றனர். இரு சாராரும் பொய் சொல்லவில்லை.

இவ்வழக்கு நாடு முழுவதற்கும் முன் வந்தது. பெர்ன் மாநிலத்து ஜூரா மலைப்பகுதியைச் சேர்ந்த ஆர்மின் கபவுல் என்னும் உழவர், கொம்புள்ள பசுக்களையும் ஆடுகளையும் வளர்ப்போருக்கு அரசு உதவித்தொகை அளிக்க வேண்டும் என்று கோரி, பொதுமக்களின் கையொப்பங்களைத் திரட்டினார். ஒரு இலட்சம் பேர் ஒப்பமிட்டால் எந்தக் கோரிக்கையையும் நாட்டு மக்களின் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வாறே 2018 நவம்பர் 25-ஆம் நாள் பசுவின் கொம்பைக் குறித்து ஒரு நாடே வாக்களித்தது. கோரிக்கை தோற்றது, எதிர்த்தோர் நூற்றுக்கு 54.7. கொம்புக்குப் பணம் கொடுத்தால் உழவர்கள் மீண்டும் பசுக்களைக் கட்டி வைக்கத் தொடங்குவர் என்பது அரசு முன்வைத்த தடைகளுள் ஒன்று. பசுவின் கொம்புக்கு இத்தனை ஆரவாரமா என்று உலகச் செய்தித்தாள்கள் நகைத்தன. எனக்கு நகைப்பு வரவில்லை. வாயில்லா உயிருக்கு எது நன்மை என்று ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் கைகள் வாக்குச்சீட்டில் எழுதலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய உயிருக்கு வாக்கில்லையே!

அந்நாட்டுச் சட்டம் இவ்வகையில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. முதல் விலங்குக் காப்புச் சட்டம் 1978-இல் பிறந்தது. 1992-இல் படைப்புயிர்களின் மாண்பு என்னும் சொற்றொடர் அரசமைப்பிலேயே இடம்பெற்றது. 2003 முதல் விலங்குகள் பொருள்கள் அல்ல என்று குடிமைச் சட்டம் கூறுகிறது. அழகிய சொற்கள்தாம். ஆனால் பெரியவர் எனக்குக் காட்டியது சொல்லை அன்று, ஒரு குறிப்பேட்டை. கட்டி வைக்கும் மாட்டை ஆண்டுக்கு 90 நாளேனும் வெளியே உலவ விட வேண்டும்: கோடையில் 60, குளிர்காலத்தில் 30. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து கட்டிவைத்தல் ஆகாது. மேலும் உதவித்தொகை பெற விரும்புவோர் கோடையில் மாதம் 26 நாளும் குளிர்காலத்தில் மாதம் 13 நாளும் வெளியே விட வேண்டும். விட்ட நாளை மூன்று நாளுக்குள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம் கோவில்களின் திருமுழுக்குப் பதிவேட்டை விடவும் ஒழுங்காக இருந்தது அந்தக் குறிப்பேடு என்று சொல்ல எனக்குச் சற்று நாணமே. ஓய்வுநாள் கட்டளை எருதுக்கும் இடம் தருகிறது என்பதைக் குருமடத்தில் படித்தேன். அதை நாள் எண்ணி, கோடிட்டு, கையொப்பத்தோடு ஒருவர் நிறைவேற்றுவதை அங்கேதான் கண்டேன்.

எல்லாம் செம்மையாக இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. ஈன்ற சிறிது நேரத்தில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவதே அங்கும் பெருவழக்கு. நம் ஊரில் கன்றை ஊட்டவிட்டால்தான் பசு பால் சுரக்கும் என்று நான் கூறியபோது, அவ்வீட்டு அம்மையார் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தாயோடு கன்றை விட்டு வளர்க்க விரும்பிய சில உழவர்களுக்கு அந்நாட்டுச் சட்டமே தடையாக இருந்ததாம். மடியை முழுமையாகக் கறந்த பாலே விற்பனைக்குரிய பால் என்று விதி வகுத்திருந்தமையால், கன்று குடித்து எஞ்சிய பாலை விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லாதிருந்தது. 2020-ஆம் ஆண்டில் அவ்விதியைத் திருத்தினார்கள். காளைக்கன்றுகளைப் பற்றிக் கேட்டேன். கொழுக்க வைக்கும் பண்ணைக்குப் போகின்றன என்று பெரியவர் மறையாமல் சொன்னார். பால் வேண்டும், காளைக்கன்று வேண்டாம் என்னும் கணக்கு எந்நாட்டிலும் ஒன்றுதான்.

மணியைப் பற்றியும் ஒரு சொல். மலையெங்கும் கேட்கும் அந்த ஓசை எனக்கு இனித்தது. பசுவுக்கு? சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 5.5 கிலோ எடையுள்ள மணியைக் கட்டிப் பார்த்ததில், பசுக்கள் மேய்வதும் அசைபோடுவதும் குறைந்தன என்று கண்டனர். உழவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் மீது மனத்தாங்கல் உண்டு. அவ்வளவு பெரிய மணியை விழா நாளில்தான் கட்டுகிறோம், மேய்ச்சலில் கட்டுவது சிறு மணி என்கின்றனர். பனிமூட்டத்தில் பாறை விளிம்பில் நிற்கும் மாட்டைத் தேடிச் சென்றவர்க்கே மணியின் அருமை தெரியும் என்றார் பெரியவர். கால் ஒடிந்த பசுவை ரேகா என்னும் வான்மீட்பு நிறுவனத்தின் ஹெலிகாப்டர் வலையில் தாங்கிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறக்குவதும் உண்டாம்.

பொழுது சாய்ந்தது. பெரியவர் குடிலுக்குப் பின்னிருந்த மேட்டில் ஏறினார். கையில் பால் வடிகட்டும் பழைய மரப்புனல். அதன் அகன்ற வாய் வெளிப்புறம் இருக்க, குறுகிய வாயைத் தம் உதடுகளில் பொருத்திக்கொண்டு, பாட்டும் அல்லாத பேச்சும் அல்லாத ஓர் இராகத்தில் உரக்க அழைக்கலானார். நம் கோவில்களில் மன்றாட்டுமாலை ஓதும் இராகம் எனக்கு நினைவில் வந்தது. அதை மாலை அழைப்பு என்கிறார்கள். மூவொரு கடவுளையும் அன்னை மரியாளையும், ஆயர்களின் பாதுகாவலராகிய புனித வெண்டலினையும், இன்னும் பல புனிதரையும் பெயர் சொல்லி அழைத்து, இம்மலையில் உள்ள மனிதரையும் மாடுகளையும் உடைமைகளையும் இவ்விரவில் காக்குமாறு வேண்டுகிறார்கள். குரல் எட்டும் தூரம் வரையில் காவல் உண்டு என்பது முன்னோர் நம்பிக்கை. அவர்கள் அழைக்கும் புனித அந்தோனியார் பதுவைப் பதியர் அல்லர். நாம் வனத்து அந்தோனியார் என்று வணங்குகிறவர். பொங்கலை ஒட்டி வரும் அவருடைய திருநாளில், சனவரி 17-ஆம் நாள், நம் பங்குகள் பலவற்றிலும் மாடுகளை மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கிறோமே, அவரேதாம். எதிர்ப்பாறை அந்தக் குரலைத் திருப்பித் தந்தது. பசுக்களில் ஒன்றிரண்டு தலைதூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்ந்தன. இன்று இவ்வழைப்பு ஒலிக்கும் மலைகள் குறைந்து வருகின்றன என்று கோவிற்பிள்ளை என் காதருகே சொன்னார்.

இரவு உணவின்போதுதான் அக்குடும்பத்தில் புகைந்துகொண்டிருந்த செய்தி வெளிவந்தது. மகன் வரும் ஆண்டில் பள்ளத்தாக்கு வீட்டில் புதிய தொழுவம் கட்டப் போகிறான். கட்டில்லாத் தொழுவம். வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அவர்களுடைய நிலம் சரிவும் குறுக்கலுமானது. கொம்போடு பதினெட்டு உலவ இடம் போதாது. "பதினெட்டில் ஆறைக் குறைத்தால் கொம்போடு விடலாம்" என்றார் தந்தை. "ஆறைக் குறைத்தால் கடனை எதைக் கொண்டு அடைப்பது?" என்றான் மகன். "குளிர்காலம் முழுவதும் அவற்றின் கழுத்தில் சங்கிலி கிடப்பதை நான் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், அப்பா." பெரியவர் ரொட்டியை அறுத்துக்கொண்டே இருந்தார். மறுமொழி கூறவில்லை.

சற்று நேரம் கழித்து மகன் என்னை நோக்கி, "உங்கள் நாட்டில் எப்படி, சாமி? கொம்பை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டான். பொங்கலுக்குச் சீவி வண்ணம் தீட்டுவோம் என்றேன். பெரியவரின் முகம் மலர்ந்தது. "கட்டுவதுண்டா?" என்றான். உண்டு என்றேன்; உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும் மூக்கைக் குத்திக் கயிறு போடுவோம் என்பதையும் சொன்னேன். "மூக்கையா? மயக்க மருந்து கொடுத்தா?" என்றார் அம்மையார். இல்லை என்றேன். மேசையில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் காலை பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. தொழுவத்தின் ஓரத்தில் வைக்கோல் பரப்பிய அடைப்புக்குள் ஒரு கிடாரிக் கன்று நின்றது. காலம் தப்பிப் பிறந்தது. வயது பன்னிரண்டு நாள். புளூயெம்லியின் கன்று. மகன் அதற்குப் பால் கொண்டு வந்தான். குடித்து முடித்ததும் அது என் விரலைச் சப்பத் தொடங்கிற்று. அதன் நெற்றியைத் தடவினேன். சுருள் முடிக்குள் இருபுறமும் மொச்சைக்கொட்டை அளவில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கதவின் உட்புறத்தில் தொங்கிய நாட்காட்டியில், மூன்றாம் வாரம் நிறைவுறும் நாளைப் பென்சிலால் யாரோ வட்டமிட்டிருந்தார்கள். அதன்மேல் வேறு யாரோ அழித்திருந்தார்கள். கீழேயிருந்து பேருந்தின் மூன்று சுர ஊதொலி கேட்கவே, கோவிற்பிள்ளை என்னை விரைவுபடுத்தினார்.